என் பெயரில் இருந்த ஈஸ்டர் பணிஸ்

தான் கட்டப்போகிற பெடியனின் அப்பா ஜமேக்காக்காரர் என்று என் மகள் சொன்னபோது, என் கணவர் எழும்பிப் போய் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு வந்து இருந்தார். உள்ளே நாலு சொக்ஸ்தான் கிடந்தன. அதிர்ச்சி வந்தால் அவர் செய்கிற வேலை அது. "அம்மா யூதப் பெண்" என்று மகள் இரண்டாவது செய்தியையும் சொன்னாள். அவர் மறுபடி எழும்பினார். போடுவதற்கு வீட்டில் இன்னொரு மெஷின் இல்லாததால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தார்.

நான் அவ்வளவு பிற்போக்கானவள் அல்ல. நான் கேட்டது ஒரே கேள்விதான். "பெடியன் என்ன வேலை?"

"பல் டொக்டர்" என்றாள்.

டொக்டர் என்ற சொல்லுக்கு முன்னால் பல் இருந்தால் என்ன, முடி இருந்தால் என்ன, டொக்டர் டொக்டர்தானே. பாதி நிறமும் முழுச் சமயமும் அந்த இடத்திலேயே எனக்கு மறந்துபோயின.

இங்கே லண்டனில், மோர்டனில் இருக்கிற என் அண்ணைக்கு அப்படி மறக்கவில்லை. ஜேர்மனியில் பதினெட்டு வருடம் ஹோட்டல் குசினியில் நின்று, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று இங்கே வந்தவர். செய்தி கேட்டதும் ஃபோன் எடுத்தார்.

"ஏன் தங்கச்சி, அவளுக்கு ஒண்டொண்டாச் செய்யேலாதோ? கறுப்பெண்டால் கறுப்பு, யூதனெண்டால் யூதன். ரெண்டையும் ஒரே ஆளிலை எங்கை தேடிப் பிடிச்சவள்?"

உண்மையில் 'கறுப்பு' என்பது நான் திருத்தி எழுதியது. அவர் சொன்னது, கறுப்பின மக்களுக்கென்று எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற வேறு ஒரு சொல். அதை நான் எழுதப் போவதில்லை; வாசிக்கிறவர்களுக்குத் தெரியாததும் இல்லை. என் அண்ணை என் மருமகனைவிட இரண்டு பூச்சுக் கூடக் கறுப்பு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அவருடையது வேறு கறுப்பாம். வெயிலில் வந்ததாம்.

கலியாணத்துக்கு அவர் வரவில்லை. முழங்கால் நோ என்றார். அன்று பின்னேரம் ஒரு சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையான பொம்பிளைப்பிள்ளையின் மாமன்மாரோடு அவர் ஆடிய ஆட்டம் எல்லாருடைய ஃபோனுக்கும் வந்து சேர்ந்தது. முழங்கால் நல்ல உயரத்துக்குப் போயிருந்தது.

கலியாணம் காலையில் எங்கள் முறைப்படியும் பின்னேரம் மாப்பிள்ளையின் அம்மா பக்க யூத முறைப்படியும் நடந்தது. அவர்கள் முறையில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கிளாஸைக் காலால் மிதித்து உடைப்பார். கிளாஸ் உடைந்ததும் அவர்கள் பக்கம் கைதட்டிக் கத்தியது. எங்கள் பக்கம் நெஞ்சில் கை வைத்து "சிவசிவா" என்றது. ஜமேக்காப் பக்கம் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் இரண்டையும் செய்தது.

இனி என் சம்பந்திமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூட்டிங்கில் இருக்கிறார்கள். சம்பந்தியார் பாதாள ரயிலில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவு நிலைக்குத் தலை குனிந்து வருகிற உயரம். ஞாயிறு தவறாமல் சேர்ச். சம்பந்தியம்மா சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருந்தவர்; கணவரின் சட்டைப்பைக்குள் மடித்து வைக்கக்கூடிய அளவு. சம்பந்தியம்மா இவரைக் கட்டிய அன்று, அவருடைய அப்பா மகள் செத்துவிட்டாள் என்று சொல்லி ஏழு நாள் துக்கம் காத்தாராம். இந்தப் பக்கம் சம்பந்தியாரின் அம்மா, மருமகள் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று உபவாசம் இருந்தாராம். செத்தவளும் சாகவில்லை, ஞானஸ்நானமும் நடக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் ஒதுக்கி வைத்ததால் அவர்களுக்கு நாற்பது வருடம் நிம்மதியாகப் போயிருக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு கலியாணத்துக்கு இதைவிட நல்ல சீதனம் கிடையாது.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை பொழுதுபட மெழுகுதிரி கொளுத்துவார்கள். கோழிச் சூப் இருக்கும். அதில் இரண்டு வகை உருண்டை மிதக்கும்: ஒன்று யூதருடையது, உருண்டையாக, மெத்தென்று, மற்றது ஜமேக்காவுடையது, விரல் நீளத்தில், விழுங்கினால் ஞாயிறுவரை பசிக்காது. யாருடைய உருண்டையை முதலில் அள்ளுகிறீர்கள் என்பதை இருவரும் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்கள். நான் முதல் தடவை போனபோது இரண்டையும் ஒரே கரண்டியில் அள்ளினேன். முப்பது வருடக் கூட்டுக் குடும்ப அனுபவம் வேறு எதற்கு?

மீன் இன்னொரு வழக்கு. மீனைப் பொரித்து, வினாகிரியும் வெங்காயமும் ஊற்றி, ஆறவிட்டுச் சாப்பிடுவார்கள். அது ஜமேக்காச் சாப்பாடு என்பார் சம்பந்தியார். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள்தான் அதை ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள் என்பார் சம்பந்தியம்மா. நாற்பது வருடமாக ஒரு மீனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தேடுகிறார்கள். எனக்கு அதில் மிளகாய் காணாது என்று பட்டது. சொல்லவில்லை, அவ்வளவு காலம் போன வழக்கில் மூன்றாவது கட்சி சேர்ந்தால் மீன் தாங்காது.

இவர்கள் பேசுவது இங்கிலிஷ். அதிலும் சம்பந்தியாரின் இங்கிலிஷ் கடல் கடந்து வந்தது. எல்லாம் என் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே எழுதுகிறேன். எனக்கு எல்லாமே யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும்.

மகள் கலியாணம் கட்டின அடுத்த சித்திரையில் ஒரு நாள் சம்பந்தியம்மா ஃபோன் எடுத்தார்.

"உங்களிட்டை ஒரு உதவி. என்ரை பாணை வாங்குவியளோ?"

கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வரச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, "வெள்ளையோ பிறவுணோ?" என்று கேட்டேன்.

பிறகு அவர் விளக்கினார். பாஸ்கா வருகிறது. அந்த எட்டு நாளும் யூத வீட்டில் பாண் முதற்கொண்டு புளித்த மாவில் செய்த எதுவும் இருக்கக் கூடாது. சாப்பிடக் கூடாது என்பது மட்டுமில்லை, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. எறிய மனமில்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒரு அலுமாரியில் போட்டுப் பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு ஒரு பவுணுக்கு விற்றுவிடலாம். பாஸ்கா முடியத் திரும்ப வாங்கலாம். சாமான் இருந்த இடத்திலேயே இருக்கும், உரிமை மட்டும் கைமாறும். இதை வேறு யாருக்கும் விளக்க வேண்டி வரலாம்; கடை மனைவியின் பெயரிலும் வீடு மச்சானின் பெயரிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இது ஒரே மூச்சில் விளங்கும்.

"அப்ப உங்கடை மனுசனுக்கே விக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஒரே வீட்டிலை இருக்கிற மனுசனுக்கு வித்தால் அது விக்கிறதோ? அவற்றை தமக்கைக்குத்தான் வித்தனான். போன வருசம் மனுசி பை கொண்டுவந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டா. வாங்கினது வாங்கினதுதானாம். மாவைக்கூட விடேல்லை."

நான் சம்மதித்தேன். என் கணவருக்குத்தான் பயம்.

"கையெழுத்து ஏதும் வைக்கிறதோ?"

"ஓம், ஒரு கடுதாசி இருக்காம்."

"வையாதையும். நாளைக்கு ஏதும் பிரச்சினை எண்டால் ஆர் பாக்கிறது?"

"பாணுக்கு என்னப்பா பிரச்சினை?"

"பிரச்சினை வரேக்கை பாணோ பவுணோ எண்டு பாத்தோ வருது?"

அவர் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் நான் இந்த நாட்டில் நூலகக் கார்ட்கூட எடுத்திருக்க மாட்டேன். பாஸ்கா தொடங்குகிற அன்று காலை ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து டூட்டிங்குக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரி இனி என்னுடையது. உள்ளே எனக்குச் சொந்தமாக இருந்தவை: மா இரண்டு பை, நூடில்ஸ், பிஸ்கட், அரைப் போத்தல் விஸ்கி, கொஞ்சம் பியர், மற்றது ஒரு ஈஸ்டர் பணிஸ். றம் மட்டும் வெளியே நின்றது. றம் கரும்பில் வடிப்பது, தானியத்தில் அல்ல, ஆகவே புளித்த மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சம்பந்தியார் வாதாடி வென்றிருந்தார். மனைவியின் வேதத்தில் அவர் ஊன்றிப் படித்த ஒரே அதிகாரம் அது.

ஈஸ்டர் பணிஸ் என்பது பாணும் இல்லை, கேக்கும் இல்லை. முந்திரிகை வற்றல் போட்டு, கறுவா வாசத்தோடு, கறுத்துப் பளபளவென்று செங்கல் பாரத்தில் ஒன்று. பெரிய வெள்ளிக்கிழமை அதை வெட்டி, இடையில் சீஸ் வைத்துச் சாப்பிடாத ஜமேக்காக்காரர் கிடையாதாம். அலுமாரிக் கதவை நான் பூட்டும்போது சம்பந்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சவப்பெட்டிக்குள் வைத்த சொந்தக்காரரைப் பார்க்கிற பார்வை.

அன்று பொழுதுபடப் பாஸ்கா விருந்து. நாங்கள் ஆறு பேர்: சம்பந்திமார் இருவர், மகள், மருமகன், நான், என் கணவர். விருந்து என்றால் உடனே சாப்பாடு என்று நினைக்கக் கூடாது. முதலில் எகிப்தில் அடிமையாக இருந்து தப்பி வந்த கதையை ஆளுக்கு ஒரு பந்தியாக வாசிக்க வேண்டும். நடுவில் கண்ணீருக்காக உப்புத் தண்ணீரில் கீரை தோய்த்துத் தருவார்கள். கைப்புக்காக ஒரு கிழங்குத் துருவல். நான் என் பங்குக்குப் பாகற்காய் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். அது மேசையில் மிகுந்த மரியாதையோடு வரவேற்கப்பட்டு, கடைசிவரை அப்படியே இருந்தது. சோறு இல்லை. அவர்கள் வழக்கத்தில் அந்த எட்டு நாளும் சோறும் ஆகாது. இதை நான் என் கணவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வந்திருக்க மாட்டார்.

புளிக்காத அப்பத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு அவர் தமிழில் சொன்னார்: "இதைச் சுட்டவனுக்கு ஏதோ அவசரம் போலை."

மகள் மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா கையைத் தட்டினார். "அதேதான்! மா புளிக்கும்வரை நிக்க நேரமில்லாமல் ஓடினவை. கதையே அதுதான்."

அடிமைக் கதை முடிந்ததும் சம்பந்தியார் தொண்டையைச் செருமினார். "உங்களை அடிமையாக்கினவனைக் கடல் விழுங்கிப் போட்டுது. எங்களை வைச்சிருந்தவன்ரை பேரன்மார் இப்பவும் இந்த ஊரிலை பெரிய வீடுகளிலை இருக்கினம்" என்றார்.

"எங்கடை ஆக்களைத் துரத்தினது ஒருக்காலோ ரெண்டு தரமோ இல்லை" என்றார் சம்பந்தியம்மா. "என்ரை அம்மா ஒன்பது வயசிலை வியன்னாவிலையிருந்து தனிய ரயிலேறினவ. சூட்கேஸ் அவவை விடப் பெரிசாம்."

"எங்கடை பாட்டன்மாருக்குச் சூட்கேஸே இல்லை" என்றார் இவர்.

இது வருடாவருடம் நடக்கிற போட்டி என்று மருமகன் என் காதுக்குள் சொன்னான். யார் கூடக் கஷ்டப்பட்டது என்பதில் இன்னும் முடிவில்லையாம். எனக்குக் கை துறுதுறுத்தது. கஷ்டத்தில் எங்கள் ஆட்களை வெல்ல யாரால் ஏலும்? எங்கே தொடங்கலாம், எந்த வருடத்தில் தொடங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத என் கணவர் வாய் திறந்தார். இங்கிலிஷில்.

"நான் இந்த நாட்டுக்கு வெங்காய லொறியிலை வந்தனான்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒன்பது பேர். வெங்காய மூட்டையளுக்கு நடுவிலை, பதினாறு மணித்தியாலம். வெங்காயத்தாலை எல்லாற்றை கண்ணிலையும் தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. ஆர் அழுகினம், ஆர் அழேல்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. அது ஒரு விதத்திலை நல்லதாப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். சம்பந்தியார் எழுந்து வந்து அவருடைய கிளாஸை நிரப்பினார். சம்பந்தியம்மா உப்புத் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். போட்டியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். யார் வென்றது என்று யாரும் சொல்லவில்லை.

நான் மட்டும் மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் என்னிடம் "நான் பிளேனிலை வந்தனான்" என்று சொல்லியிருந்தார். எந்த விமானம், என்ன சாப்பாடு தந்தார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாததை, அரைக் கிளாஸ் இனிப்பு வைனுக்கு ஒரு மேசைக்கே சொல்லிவிட்டார். மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்தேன். கோபத்தில்தான் பிடித்தேன். ஆனால் கனநேரம் விடவில்லை.

புறப்படும்போது சம்பந்தியார் என் பக்கமாகக் குனிந்தார். அவர் குனிவதற்கே கொஞ்ச நேரம் எடுக்கும்.

"அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு அந்தப் பணிஸ் வேணும். அது இப்ப உங்கடை சொத்து. கேக்கிறது முறையில்லைத்தான்."

எழுபது வயது மனிதர், தன்னுடைய பணிஸைத் தின்ன என்னிடம் அனுமதி கேட்கிறார். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் எனக்கு இவ்வளவு அதிகாரம் யாரும் தந்ததில்லை. பூட்டைத் திறந்து பணிஸை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

"உங்கடை பொருள், நீங்கள் என்னவும் செய்யுங்கோ. எனக்குத் தெரியத் தேவையில்லை" என்று சம்பந்தியம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டை வாங்கோ" என்றேன். வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு, ரயிலில் வரும்போதுதான் யோசித்தேன். அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாள்.

வருடப்பிறப்பு, அதிலும் வெள்ளிக்கிழமை. காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கி, நிறைகுடம் வைத்து, வீடு முழுக்கச் சாம்பிராணி வாசம். பதினொரு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சம்பந்தியார் கையில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டி. அதற்குள் தலையோடும் கண்ணோடும் பத்துப் பன்னிரண்டு பொரித்த மீன். வினாகிரி வாசம் சாம்பிராணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தது.

"பெரிய வெள்ளிக்கு மீன்தானே" என்று சிரித்தார்.

நான் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தேன். "மன்னிக்க வேணும். இண்டைக்கு மீன் உள்ளை வர ஏலாது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டில் பணிஸுக்கு இடமில்லை, இங்கே மீனுக்கு இடமில்லை. பின்னால் நின்ற சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். வாசற்படியில் குந்தி இருந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"நாற்பது வருசமா என்னைத்தான் விசரி எண்டவர். இப்ப பாருங்கோ!"

கடைசியில் பக்கத்துக் கேற்றால் எல்லாரையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். தோட்டம் வீடு இல்லைத்தானே. மடக்கு மேசை போட்டோம். சித்திரை என்றாலும் லண்டன் சித்திரை. கோட்டைக் கழற்றாமல் இருந்தோம். மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். மேசையில் பணிஸ், சீஸ், மீன், பொங்கல், வடை. பணிஸையும் வடையையும் பொங்கலையும் சம்பந்தியம்மா தொடக் கூடாது, பாஸ்கா. மீனை நான் தொடக் கூடாது, விரதம். பணிஸையும் பொங்கலையும் என் கணவர் தொடக் கூடாது, சீனி வருத்தம். மகள் எதையோ மணந்துவிட்டு எதுவும் வேண்டாம் என்றாள். மருமகன் தாய்க்கு முன்னால் பணிஸைத் தொடத் துணியவில்லை. எல்லாவற்றையும் தொடக்கூடிய ஒரே மனிதர் சம்பந்தியார். அவர் எங்கள் எல்லாருக்காகவும் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து, வருடப்பிறப்புக்கு ஒவ்வொரு வருடமும் வருகிற என் அண்ணை, பக்கத்துக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பலகாரப் பெட்டி. தோட்டத்தின் நடுவில், தன் தங்கச்சியின் வீட்டில், வெள்ளிக்கிழமையில், ஒரு பெரிய கறுப்பு மனிதர் மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"வாங்கோ அண்ணை. முழங்கால் எப்பிடி?" என்றேன்.

சம்பந்தியார் எழும்பினார். எழும்பி முடிய அண்ணையின் தலை அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது. கை கொடுத்தார்கள். அண்ணை பலகாரப் பெட்டியை இடது கைக்கு மாற்ற மறந்துபோய் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சம்பந்தியார் நன்றி சொல்லி வாங்கித் திறந்து, ஒரு பயத்தம் பணியாரத்தை வாயில் போட்டார்.

அண்ணையைக் கதிரையில் இருத்தினேன். அவருடைய இங்கிலிஷ் கொஞ்சம் தடக்கித் தடக்கித்தான் வரும். சம்பந்தியம்மா ஏதோ கேட்க, அவர் சொல் தேடி, வராமல், எரிச்சலில் ஜேர்மனில் ஒரு வார்த்தையை விட்டார். சம்பந்தியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவரும் ஜேர்மனில் ஏதோ சொன்னார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: என் அண்ணையின் முதுகு நிமிர்ந்தது. இங்கிலிஷில் எப்போதும் அரை ஆளாக இருக்கிற மனிதர் முழு ஆளானார். இருவரும் பேசினார்கள். வேகமாக, கையை ஆட்டி, ஒருவரை ஒருவர் மறித்து. சம்பந்தியம்மாவின் குரல் வேறு யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"அவள் இந்த மொழி பேசி நான் கேட்டதில்லை" என்றார் சம்பந்தியார் மெதுவாக. "தகப்பனுக்குத் தெரியாமல் வந்துபோற தாயோடை மட்டும்தான் பேசுவாள். அதுவும் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு. தாய் செத்துப் பதினொரு வருசம்."

அவர் கையில் பணிஸ் துண்டு அப்படியே இருந்தது. பெரிய விஷயம் ஏதோ பேசுகிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். கடைசியில் நான் பொறுக்காமல் கேட்டேன். "அண்ணை, என்ன கதைக்கிறியள்?"

"பாண்" என்றார்.

"என்ன?"

"இந்த நாட்டிலை விக்கிறது பாணே இல்லை. பஞ்சு. ஜேர்மன் பாண் எண்டால் பாண். அவவும் அதைத்தான் சொல்லுறா. அவவின்ரை அம்மா சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தவவாம்."

பாஸ்காவில் பாண் சாப்பிடக் கூடாது. பேசக் கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை போலும்.

அண்ணை அன்றைக்கு ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. நல்ல உற்சாகம் வந்த பிறகு அவர் தன் சந்தேகத்தை இங்கிலிஷிலேயே அவிழ்த்தார். "நாளைக்கு இவைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அது என்ன ஆள்? எங்கடை முறையிலை பிள்ளை தகப்பன் பக்கம். அப்ப இது எங்கடை பிள்ளை இல்லை."

"எங்கடை முறையிலை பிள்ளை தாய் பக்கம்" என்றார் சம்பந்தியம்மா. "தாய் யூதப் பெண்ணில்லை. அப்ப எங்கடையும் இல்லை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மிகுந்த மரியாதையோடு பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு பிள்ளையை இவ்வளவு ஒற்றுமையாக ஒதுக்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"நல்லது. அப்ப அது எனக்குத்தான்" என்றார் சம்பந்தியார், வாய் நிறையப் பணிஸோடு. "எங்கடை தீவிலை ஆர் சோறு குழைச்சு வாயிலை தீத்துகினமோ அவையின்ரை பிள்ளை."

"ஒக்டோபரிலை சண்டை பிடியுங்கோ" என்றாள் என் மகள்.

யாருக்கும் உடனே விளங்கவில்லை. மருமகன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் பாஸ்கா விருந்தில் அவள் வைனைத் தொடாமல் வைத்திருந்ததும், சற்று முன் மீனை மணந்து முகத்தைத் திருப்பியதும் என் மண்டையில் ஏறின. நான் "ஐயோ பிள்ளை" என்று எழும்ப, சம்பந்தியம்மாவும் எழும்ப, மடக்கு மேசை ஒரு பக்கம் மடங்கியது. மீன் சட்டியைச் சம்பந்தியார் ஒரு கையால் பிடித்தார். பொங்கல் புல்லில் போய்ச் சேர்ந்தது. அண்ணை தன்னையறியாமல் "நல்ல சகுனம்" என்றார். எந்த முறைப்படி என்று நான் கேட்கவில்லை. என் கணவர் மெதுவாக எழுந்து வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வாஷிங் மெஷின் சத்தம் கேட்டது.

பாஸ்கா முடிய அலுமாரியை அவர்களுக்கே திருப்பி விற்றேன். பணிஸ் குறைகிறதே என்று சம்பந்தியம்மா கேட்கவில்லை. அண்ணை இப்போது அவரோடு மாதத்துக்கு இரண்டு தடவை ஃபோனில் ஜேர்மனில் பேசுவார். சம்பந்தியாரை இன்னும் "அந்தப் பெரியவர்" என்றுதான் சொல்வார். பழைய சொல்லை நான் பிறகு அவர் வாயில் கேட்கவில்லை. என் முன்னால் சொல்வதில்லை என்பதுதான் சரி.

ஒக்டோபரில் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது. பெயர் வைப்பதிலும் மூன்று சட்டம். யூத வழக்கத்தில் உயிரோடு இருக்கிறவரின் பெயரை வைக்கக் கூடாது. சம்பந்தியாருக்கு உயிரோடு இருக்கிற தன் தமக்கையின் பெயர்தான் வேண்டும், அதுதான் பை கொண்டுவந்து அள்ளிய தமக்கை. எங்களுக்கு நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு மூன்று பெயர் வைத்தார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கட்டங்கள் போதாமல் போயின.

இப்போது அவளுக்கு எட்டு வயது. போன மாதம் டூட்டிங்கில் எல்லாரும் கூடினோம். சம்பந்தியம்மா இரண்டு வகை உருண்டையோடும் கோழிச் சூப் வைத்திருந்தார். சம்பந்தியார் மீன் பொரித்திருந்தார். நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோயிருந்தேன். அண்ணை எங்கேயோ தேடிப் பிடித்த ஜேர்மன் பாணைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். எத்தனை நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, எத்தனை கடல் தாண்டி வந்து சேர்ந்த சாப்பாடு எல்லாம் ஒரே மேசையில். பிள்ளை ஒவ்வொரு சட்டியாக எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"எனக்கு வெறும் பாஸ்தா" என்றாள். "ஒண்டும் போடாமல். பட்டரும் வேண்டாம்."

சம்பந்தியார் கரண்டியைக் கீழே வைத்தார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபட்டும் கடைசியிலை வந்து பிறந்திருக்கிறது ஒரு இத்தாலிக்காரி" என்றார்.

நான் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.